வாளியில் பூத்த வெள்ளை

உப்பளத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும் உப்பைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் முத்தையாபுரத்தில் ஒருவன் உண்டென்றால், அது நான்தான். தெரியாதது பரவாயில்லை. தெரியும் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் கரண்ட் போய்விட்டது. பஸ் இல்லை, மருந்துக்கடைகள் பூட்டிக் கிடந்தன. எங்களோடு இருக்கும் மாமியாரின் இன்சுலின் மொத்தமும் பிரிட்ஜில். அது கெட்டால் அவருக்கு வேறு கதி இல்லை.

பக்கத்துத் தெரு மீன் வியாபாரியிடம் கெஞ்சி ஒரு பாளம் ஐஸ் வாங்கிவந்தேன். உடைத்து எவர்சில்வர் வாளியில் போட்டு, மருந்து டப்பாவை நடுவில் புதைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். மீன் பெட்டியில் ஐஸோடு உப்பும் தூவுவார்கள், மீன் கல் மாதிரி நிற்கும். மீனுக்கு ஆவது மாமியாருக்கு ஆகாதா? ஒரு படி கல்லுப்பை அள்ளிக் கொட்டினேன்.

கொஞ்ச நேரத்தில் வாளியின் வெளிப்பக்கம் பனி வெள்ளையாகப் பூத்தது. பெருமை தாங்கவில்லை.

"அத்தே, இங்கன வந்து பாருங்க! பிரிட்ஜு தோத்துப்போச்சு!"

மாமியார் நாசரேத்துப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்து ஓய்வுபெற்றவர். வாளியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மாப்ள, உப்பு போட்டீங்களா?"

"ஒரு படி. நல்லா குளுரட்டும்னு."

"உப்பு பட்டா ஐஸு பூச்சியம் டிகிரிக்குக் கீழ போயிருமே! உறைஞ்சா மருந்து எதுக்கும் ஆகாது. எடுங்க வெளிய!"

ஐஸை விலக்கி டப்பாவைத் தோண்டி எடுத்தேன். அவரே டப்பாவைப் பிடுங்கி, ஒவ்வொரு குப்பியாக ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். உள்ளே மருந்து அசைந்தது. உறையவில்லை. எனக்கு மூச்சு வந்தது. துணியில் சுற்றித் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"மழக் குளிருக்கு இதுவே போதும்."

"இவுகளுக்கு வாய் இல்லன்னா இன்னைக்கு மருந்து போயிருக்கும்மா" என்றாள் மனைவி. உண்மைதான். பெருமையடிக்காமல் இருந்திருந்தால் யாரும் வாளியை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். என் வாய்க்கு நான் நன்றி சொன்னது அன்றைக்கு மட்டும்தான்.

வாளியை வீணாக்காமல், சீனி போட்ட பாலைத் தூக்குச்சட்டியில் ஊற்றி அதற்குள் இறக்கினார் மாமியார். பால் ஐஸாகக் கட்டியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நாங்கள் சுரண்டித் தின்றோம். அவர் ஊசி போட்டுக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தபடி கஞ்சி குடித்தார். எங்கள் ஊருக்குச் சோறு போடுவதும் உப்பு, அன்றைக்கு என்னை மன்னித்து ஐஸ்கிரீம் போட்டதும் அதே உப்பு.

"அத்தே, இனிமே உப்பத் தொடவே மாட்டேன்" என்றேன்.

"சோத்துல மட்டும் போட்டுக்கிடுங்க."