மூடுபனிக்குள் கூப்பிட்ட பேர்

புகையிலையும் கல் உப்பும் சேர்ந்து நனைந்தால் ஒரு நெடி வரும். மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீரே வந்துவிடும். அட்டை ஏறாமல் இருக்க, அதைத் துணியில் முடிந்து கணுக்காலில் தேய்த்துக்கொண்டே நடந்தோம்... வருசநாட்டு மலையில்.

போன வாரம் பலசரக்குக் கடையில் பக்கத்தில் நின்றவர் புகையிலை வாங்கினார். அந்த நெடி என்னை அப்படியே மலையேற்றிவிட்டது. அதான் எழுத உட்கார்ந்தேன்.

என் வீட்டுக்காரர் வழிக் குலசாமி அந்த மலை உச்சியில், ஒரு பாறை இடுக்கில் இருக்கிறார். கோபுரமும் இல்லை, கதவும் இல்லை. வருசநாட்டுப் பக்கம் ஏறி, காட்டிலேயே ராத்தங்கி, கும்பிட்டுவிட்டு மேகமலை எஸ்டேட் பக்கமாக இறங்க வேண்டும். போன வழியே திரும்பக் கூடாது என்பது ஒரு கட்டு.

இன்னொரு கட்டும் உண்டு. மலையில் கால் வைத்துவிட்டால் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சொன்னால் காடு அந்தப் பேரைப் பிடித்துக்கொள்ளுமாம். அதனால் ஆணும் பெண்ணும் எல்லோருமே 'சாமி'தான்.

எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேரை நான் வாயால் சொன்னதே கிடையாது. முருகேசன். இங்கே எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. அந்தப் பேரில் பாதி சாமி பேர் என்பதால், முருகன் சன்னதியில்கூட 'வேலவா' என்றுதான் கும்பிடுவேன். என் நாத்தனார் செல்விக்கு அது ஒரு வேடிக்கை. "மதினி, நீங்க கூப்பிடுறது தன்னையத்தான்னு அந்தச் சாமிக்குத் தெரியுமா?" என்பாள்.

சாமான் கட்டியது நான்தான். அரிசி, அவல், வெல்லம், சுக்குமல்லித் தூள்... எல்லாம் ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கட்டினேன். அவருடைய சுகர் மாத்திரையும் என் பையில்தான்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. மூங்கில் காட்டில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. அவருடைய அண்ணன்தான் எங்களுக்கு முன்நடை. அவரை நான் மாமா என்பேன். சாணத்தைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். அத்தனை பேரும் மூச்சை அடக்கி நின்றோம். ராத்திரி பாறை மறைவில் நெருப்புப் போட்டுப் படுத்தோம். விடிந்ததும் ஓடையில் முழுகி, ஈரத் துணியோடு பொங்கல் வைத்தோம். அந்தப் பொங்கலின் ருசி கேஸ் அடுப்பில் வரவே மாட்டேன் என்கிறது.

இறங்கும்போதுதான் மூடுபனி வந்தது. நீட்டின கை தெரியவில்லை. ஒரு பாறையடியில் ஒதுங்கி, சுக்குமல்லி காப்பி போட்டு ஊற்றினேன்.

ஒரு டம்ளர் மிஞ்சியது.

நான் ஊற்றினால் மிஞ்சாது. எல்லோர் கையையும் பார்த்தேன். அவர் இல்லை.

முழங்காலுக்குத் துணி கட்டிவிட்டு வருகிறேன் என்று பின்னால் நின்றவர்... காலையில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. அந்தப் பக்கம் பூராவும் சரிவு.

"சாமீ..." என்று மாமா குரல் கொடுத்தார். "சாமீ..." என்று கீழேயிருந்து பதில் வந்தது. அப்பாடா என்று உட்காரப் போனேன். அடுத்த நொடியே பத்துக் குரல் சேர்ந்து "சாமீ..." என்றது. எங்களுக்கு முன்னால் இறங்கிய மலையாளத்துக்காரர்கள். அவர்களும் அந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்கள், அவர்களுக்கும் எல்லோரும் சாமிதான். அப்போதுதான் உறைத்தது. அவரும் இந்தக் குரலை நாங்கள் என்று நினைத்து, அதன் பின்னாலேயே போயிருப்பார்.

செல்விக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்து மாமா, "பேரு மட்டும் வேணாம்த்தா" என்றார். என் வாய் அசைந்ததைப் பார்த்திருப்பார் போல.

நான் குலசாமியிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். பிறகு கத்தினேன். "முருகே..." சொல்லிப் பழகாத வாய், பேர் பாதியில் நின்றுவிட்டது.

கீழேயிருந்து பக்தியோடு, "ஹரோ ஹரா" என்று பதில் வந்தது.

இப்போது சொன்னால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்குச் சிரிக்கவா முடியும்? ரேஷன் கடையில் கூப்பிடுவார்களே, அப்படி, ஊரையும் தொழிலையும் சேர்த்துக் கத்தினேன்.

"அனுமந்தன்பட்டி முருகேசன்... மோட்டார் கடை முருகேசன்..."

பனி சொட்டுகிற சத்தம் மட்டும்.

மறுபடி கத்தினேன். பேரை மட்டும், வெறுமனே, திரும்பத் திரும்ப.

"இங்கன... இங்கன இருக்கேன். கால வைக்க முடியல."

அந்தக் குரல் இடப்பக்கச் சரிவிலிருந்து வந்தது. துண்டுகளை முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொண்டு மாமாவும் ஆட்களும் இறங்கினார்கள். மூக்குக்கண்ணாடி பூராவும் பனி படிந்து, ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றாராம். காலடிக்குக் கீழே ஒன்றுமில்லை.

மேலே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். உடம்பெல்லாம் நடுக்கம், வியர்வை. வெல்லத்தை அவர் வாயில் திணித்தேன். மென்று முழுங்கிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எம்பேரு கேக்க நல்லாத்தான் இருக்கு."

எனக்கோ கட்டை மீறிவிட்டோமே என்று பயம். மாமாவிடம், காடு பிடித்துக்கொள்ளாதா என்று கேட்டேன். அவர் கற்பூரம் ஏற்றிக்கொண்டே சொன்னார்: "அது புடிக்கிறதுக்குள்ள நீ புடிச்சுட்டத்தா."

எஸ்டேட் ரோட்டில் சின்னமனூர் பஸ் நிற்பதைப் பார்த்தபோது, அந்தப் படிக்கட்டையே தொட்டுக் கும்பிட்டேன்.

இப்போது அந்தப் பாதையில் ஃபாரஸ்ட்காரர்கள் விடுவதில்லை. அடிவாரத்தில் கல் நட்டு, அங்கேயே பொங்கல் வைக்கிறோம். வேனில் போய், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ஆளுக்கு ஒரு போன். யாரும் யாரையும் சாமி என்று கூப்பிடுவதில்லை. மறுபடி விட்டாலும் போவேனா என்று கேட்டால்... மாட்டேன். ஆனாலும் அந்த ஓடைத் தண்ணீரின் குளிர்ச்சியை நினைத்தால் உடம்பு சிலிர்க்கும்.

நேற்றுக் காலை மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் பேப்பரோடு வந்து நின்று கிழக்கே பார்த்தார். "என்ன, இன்னைக்கு மலையே தெரியல" என்றார்.

"நீங்க தெரியுறீகல்ல. போதும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கக் கீழே இறங்கினேன்.