நடுநிலையின் எட்டாவது ஓட்டு

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஃபேன் மோட்டாருக்குக் காயில் சுற்றிக் கொடுப்பவரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நடுநிலை' என்பார்கள். வீட்டுக்காரரைக் கடைக்கு அனுப்புகிற பெண்கள்கூட, "நடுநிலைகிட்ட ஃபேன் ரெடியான்னு கேட்டுட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். அவருக்கு இதில் கோபமில்லை. உள்ளூரப் பெருமைதான்.

பெயர் வந்த கதை இது. அந்த மாவட்டத்தில் கல்குவாரிப் பக்கம் முழுக்க மஞ்சள் கட்சி. குவாரியை மூடிப் பத்து வருஷமாகியும் அங்கே பிறக்கும் பிள்ளை மஞ்சளாகத்தான் பிறக்கிறது. கடைவீதி முழுக்க நீலக் கட்சி. அங்கே மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு போனால் எடை சரியாக விழாது. இரண்டும் சரிக்குச் சரி. மிச்சம் இருப்பது பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள நாலு தெரு. இந்த நாலு தெரு எந்தப் பக்கம் சாய்கிறதோ மாவட்டம் அந்தப் பக்கம். மாவட்டம் எந்தப் பக்கமோ நாட்டில் ஆட்சி அந்தப் பக்கம். முப்பது வருஷமாக இது தப்பியதே இல்லை. அதனால் தேர்தல் வந்தால் போதும், டிவிக்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு நேரே இங்கேதான் வருவார்கள். முதல் கடை அவருடையது.

"யாருக்குப் போடப் போறீங்க?"

அவர் தாமிரக் கம்பியை விரலில் பிடித்தபடி கேமராவை நிதானமாக ஒரு பார்வை பார்ப்பார். "இன்னும் முடிவு பண்ணலைங்க" என்பார். ஏழு தேர்தலாக இதே பதில். இதற்கென்றே ஒரு கட்டம் போட்ட சட்டை வைத்திருந்தார். இரண்டு கட்சிக்காரர்களும் அவரைக் கண்டால் வண்டியை நிறுத்தி நலம் விசாரித்தார்கள்.

அவர் முடிவு பண்ணாமலெல்லாம் இல்லை. இரண்டு தேர்தல் அறிக்கையையும் வரி விடாமல் படித்து, பென்சிலால் கோடு போட்டு, ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டுதான் ஓட்டுப் போடுவார். அப்படிப் போட்ட ஏழு ஓட்டும் தோற்றன. நீலத்துக்குப் போட்டால் மஞ்சள் ஜெயித்தது. சரி, காற்று மஞ்சள் பக்கம் அடிக்கிறது என்று அடுத்த தடவை அங்கே மாறினால், சொல்லிவைத்தாற்போல் நீலம் ஜெயித்தது. நாடே திரும்பிப் பார்க்கும் நாலு தெருவில், ஜெயித்த பக்கம் ஒருமுறைகூட நிற்காத ஒரே ஆசாமி அவராகத்தான் இருக்கும். இது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். "உங்க கை ராசி அப்படி" என்று சிரிப்பாள். ஏழாவது தடவைக்கு அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

எட்டாவது தேர்தலில் வம்பு வீட்டுக்குள்ளேயே வந்தது. டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மகள் மஞ்சள் கட்சி வேட்பாளராக நின்றாள். கடைவீதியில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் அங்கேயும் கொஞ்சம் ஓட்டு பிரியும் என்று கட்சி நம்பியது. போட்டி இழுபறிதான், சில நூறு ஓட்டில்தான் முடியும் என்றார்கள்.

டிவிக்காரர்கள் வந்தார்கள். "ஐயா, இந்தத் தடவை உங்க பொண்ணே நிக்கறாங்க. இப்பவாவது சொல்லுங்க, யாருக்கு?"

மனுஷன் கம்பியைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? வாய் தானாகத் திறந்தது.

"இன்னும் முடிவு பண்ணலைங்க."

சாயங்காலச் செய்தியில் அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். நீலக் கட்சி வேனில் மைக் கட்டி, "பெத்த அப்பாவே நம்பலை, நீங்க நம்பலாமா?" என்று தெருத் தெருவாகக் கேட்டது. மகள் வீட்டுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"ஊருக்கெல்லாம் நடுநிலையா இருங்கப்பா. எனக்குமா?"

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

"அப்போ இப்ப சொல்லுங்க. எனக்குத்தானே?"

அவர் வாயைத் திறந்து, மனைவியைப் பார்த்து, மூடிக்கொண்டார். தன் ஓட்டு விழுந்த பக்கம் தேறாது என்பதை எந்த முகத்தோடு சொல்வது? மகள் அதற்குமேல் நிற்கவில்லை. அன்றிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அந்த வாரம் அவர் சுற்றிய காயிலில் இரண்டு புகைந்துபோயின. எத்தனை சுற்று என்பதை நடுவில் மறந்துவிட்டிருந்தார்.

ஓட்டுப் போடும் நாள் காலையில் மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொன்னா கேப்பீங்களா? நீலத்துக்குப் போட்டுடுங்க."

"பெத்த பொண்ணுக்கு எதிராவா?"

"பெத்த பொண்ணுங்கறதாலதான் சொல்றேன். அவ ஜெயிக்கணுமா, வேண்டாமா?"

இந்த ராசியிலெல்லாம் தனக்கு நம்பிக்கை கிடையாது என்று சொல்லிப் பார்த்தார். அவள் ஒவ்வொரு தேர்தலாகச் சொல்லி ஏழு விரலை மடக்கிக் காட்டினாள். அவரால் ஒரு விரலைக்கூட நிமிர்த்த முடியவில்லை.

பள்ளிக்கூட வகுப்பறையில், அட்டைத் தடுப்புக்குப் பின்னால், வாக்குச்சீட்டில் மகளின் பெயர் முதலில் இருந்தது. அவரே தேடித் தேடி வைத்த பெயர். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று அதிகாரி கேட்க, வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் பென்சிலை எடுத்து நீலத்துக்கு நேரே குறி போட்டார். சீட்டை மடித்துப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் மகள் ஜெயித்தாள்.

கூட்டத்தோடு வந்தவள் நேரே கடைக்குள் நுழைந்தாள். கேமராக்களும் பின்னாலேயே நுழைந்தன.

"ஜெயிச்சுட்டேன்பா. இப்பவாவது சொல்லுங்க. யாருக்குப் போட்டீங்க?"

அவர் மகளைப் பார்த்தார். இத்தனை பேர் கைகொடுத்தும் அவள் முகம் இன்னும் தெளியவில்லை.

"உனக்குத்தாம்மா" என்றார். "வேற யாருக்குப் போடுவேன்?"

மகள் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். மனைவி கேமரா பக்கம் திரும்பி, "வீட்டை விட்டுக் கிளம்பும்போதே எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு" என்று அடித்துச் சொன்னாள். அவர் மகளின் தலையைத் தடவிக்கொண்டே நின்றார். எட்டாவது தடவையாகத் தோற்றிருந்தார். இவ்வளவு சந்தோஷமாக அவர் எந்தத் தேர்தலிலும் தோற்றதில்லை.