தானாக வந்த போன்

சிதம்பரத்தில் எனக்கொரு சிறிய வீடு. குடியிருந்தவர் எட்டு மாதமாக வாடகையும் தரவில்லை, காலியும் செய்யவில்லை. கடலூரிலிருந்து நான் கூப்பிட்டால் போனை எடுக்கவே மாட்டார். ஒருநாள் அவரே கூப்பிட்டார். "சார், குடும்பத்தோட ஊருக்குப் போறோம். வர பத்து நாளாவும்."

"மாமா, இதான் சான்ஸ். பூட்டை மாத்திடலாம்" என்றான் மச்சினன். என்னிடமிருந்த மாற்றுச் சாவியோடும் புதுப் பூட்டோடும் பஸ் ஏறினோம். ஜன்னலில் வயல்கள் ஓடின. மனசு மட்டும் ஒரே இடத்தில் நின்று குடைந்தது. கேட்காமலே ஏன் சொன்னார்?

தெருமுனையிலேயே நின்று எட்டிப் பார்த்தேன். ஊருக்குப் போனவர் டீக்கடையில் செல்போனும் கையுமாக வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரே வக்கீலிடம் போனோம். "பூட்டைத் தொட்டிருந்தா, நகையைக் காணோம்னு உங்க மேலயே புகார் குடுத்திருப்பாரு. கோர்ட் மூலமாத்தான் காலி பண்ண வைக்கணும்" என்றார்.

வழக்குப் போட்டாயிற்று. மாற்றுச் சாவியை வக்கீலிடமே கொடுத்துவைத்திருக்கிறேன். அது சட்டைப்பையில் இருந்தால் என்னையே நான் நம்ப மாட்டேன்.