காரணம் தேடும் எர்னஸ்ட்

நாளைக்கு வழக்கு என்றால் இன்றைக்குச் சாயங்காலமே எர்னஸ்ட் குடையை எடுத்துக்கொண்டு காய்ச்சல் தேடப் புறப்பட்டுவிடுவார். கட்சிக்காரர் வீட்டு வாசலில் நின்று, "வூட்ல யாருக்குனா ஒடம்பு சொகமில்லியா?" என்று கேட்பார். எல்லோரும் சௌக்கியம் என்று பதில் வந்தால் அவர் முகம் வாடிவிடும். "நல்லா யோசிச்சிப் பாருங்க. ஒரு இருமல் கூடவா கெடையாது? மாமியாருக்கு?"

சித்தூர் கோர்ட்டில் அவர் வக்கீல் குமாஸ்தாவாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவர் கையால் எழுதப்படுபவை பெரும்பாலும் வாய்தா மனுக்கள். அதாவது, விசாரணையை இன்னொரு தேதிக்குத் தள்ளிவைக்கக் கேட்பவை. பத்திரம் அகப்படவில்லை, சாட்சி மனம் மாறிவிட்டான், வக்கீல் வழக்குக் காகிதக் கட்டைப் பிரித்தே பார்க்கவில்லை. உண்மைக் காரணம் எதுவானாலும் காகிதத்தில் அது காய்ச்சலாக மாறித்தான் ஜட்ஜ் முன்னால் போகும். மற்ற குமாஸ்தாக்கள் மரத்தடியில் உட்கார்ந்தபடியே ஜுரம் எழுதிவிடுகிறார்கள். எர்னஸ்டுக்கு அது முடிவதில்லை. மூன்று தலைமுறையாக மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம். தேவன் அறியச் சத்தியம் செய்யும் தாளில் பொய் எழுத அவருக்குக் கை வராது. வாய்தாவும் வேண்டும். ஆகவே நிஜமான காய்ச்சல் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறார். அந்தக் காய்ச்சலுக்கும் அந்த வழக்குக்கும் சம்பந்தம் உண்டா என்று மனுவில் யாரும் கேட்பதில்லை. அவரும் தம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

பக்கத்து மேஜை எத்திராஜ், இன்னொரு வக்கீலின் குமாஸ்தா. அவர் இதைப் பார்த்துச் சிரிக்காத நாள் இல்லை.

"யோவ் எர்னஸ்டு, எம் பேனாவுல நாலு சொட்டு மசி இருந்தா நாலு பேருக்கு டைபாய்டு. நீ இன்னாத்துக்குய்யா வெயில்ல அலையற?"

"உன் கட்சிக்காரன் மாமனாரு மூணு வாட்டி செத்துட்டாரு. இப்ப வேலூரு ஆஸ்பத்திரில படுத்துக்கினு கீறாருன்னு எழுதிக் கீற. ஜட்ஜ் கேட்டா இன்னா சொல்லுவ?"

"ஆண்டவர் புண்ணியத்துல பொழச்சிக்கினாருன்னு சொல்லுவேன். உங்க ஆண்டவருதான்."

ஒரு ஐப்பசியில், ஆற்றில் வெள்ளம் என்பதால் கட்சிக்காரர் வர இயலவில்லை என்று எர்னஸ்ட் எழுதினார். "நீவா நதியிலயா? வெள்ளமா?" என்று வக்கீலே சந்தேகப்பட்டார். "முழங்காலுக்கு மேல போவுது சார். எறங்கிப் பாத்துட்டுதான் வந்தேன்" என்றார் எர்னஸ்ட். வேட்டி அதுவரை நனைந்திருந்தது.

நோயாளியைப் பார்க்கும்போது அவர் அவசரப்படுவதில்லை. கட்டில் ஓரத்தில் உட்காருவார். புறங்கையைக் கழுத்தில் வைத்துப் பார்ப்பார். எத்தனை நாள், கஞ்சி இறங்குகிறதா, இரவில் பிதற்றல் உண்டா என்று கேட்பார். மனுவுக்கு இவ்வளவு தேவையில்லை. வாய்தா கிடைத்த மறு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், அதே வீட்டுக்கு மறுபடி போவார். அது எந்த மனுவுக்காகவும் அல்ல. கிரீம்ஸ்பேட்டையில் ஒரு வீட்டில் அவருக்குக் கிடைத்த வரவேற்பை, அதே கோர்ட்டில் நகல் எழுதும் நான் தற்செயலாகக் கேட்டேன்.

"மறுபடியும் கோர்ட்டா? அவரு ஊர்ல இல்லீங்க."

"கோர்ட்டு இல்லம்மா. பெரியவருக்கு ஜொரம் வுட்டுச்சான்னு கேட்டுட்டுப் போலாம்னு..."

"வுட்டுச்சி, வுட்டுச்சி." கதவு பாதி மூடியிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அந்தப் பாதிக் கதவைப் பார்த்து நின்றார். பிறகு குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். மேகமூட்டமான நாள் அது. வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

அவர் வீடு மிஷன் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியும். மனைவி மேரி இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே மகள் லோயிஸ் திருப்பதியில் பள்ளி ஆசிரியை. நாலு வருஷத்துக்கு முன் ராணிப்பேட்டையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடிகிற சமயத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார், "பெண்ணுக்குத் தாயார் எதில் இறந்தது?" என்று கேட்டார். ஜுரம் என்று சொல்ல வேண்டும் என்று சொந்தக்காரர்கள் முதல் நாளே பேசி வைத்திருந்தார்கள். எர்னஸ்ட், "க்ஷயம்" என்றார். வந்தவர்கள் காப்பியை மரியாதையாகக் குடித்து முடித்துவிட்டு எழுந்தார்கள். அடுத்த ஜூனில் லோயிஸ் திருப்பதிக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். இவர் எழுதும் கடிதங்களுக்குப் பதில் இல்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னது எத்திராஜ். அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

சென்ற ஆடி மாதம் செங்கம்மாவின் வழக்கு விசாரணைக்கு வந்தது. புத்தூர்ப் பக்கத்துக்காரி, பிள்ளையில்லாத விதவை. நாலு ஏக்கர் வேர்க்கடலை நிலத்தைப் புருஷன் அவள் பேருக்கு எழுதிவைத்திருந்தான். அந்தப் பத்திரமே பொய் என்கிறான் கொழுந்தன். அதை எழுதிய நாராயணசாமி நாகலாபுரத்தில் இருக்கிறார். அவர் கூண்டில் ஏறி, புருஷனின் கைநாட்டு என் எதிரில் வைக்கப்பட்டது என்று சொன்னால் நிலம் அவளுக்கு, சொல்லாவிட்டால் இல்லை. "சம்மன் வந்தா வரேன். சும்மா வந்து ரெண்டு பக்கமும் பொல்லாப்பு எனக்கு எதுக்கு?" என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இனி வாய்தா கிடையாது என்று ஜட்ஜும் சென்ற முறையே சொல்லியிருந்தார்.

விசாரணைக்கு முதல் நாள் சாயங்காலம்தான் சம்மனே போகவில்லை என்பது தெரிந்தது. சாட்சியின் பிரயாணத்துக்கும் சாப்பாட்டுக்குமான படியைக் கோர்ட்டில் கட்டினால்தான் சம்மன் போகும். அதைக் கட்டவேண்டிய வெள்ளிக்கிழமை தப்பிப்போயிருந்தது.

வக்கீல் அதிகம் யோசிக்கவில்லை. "சாட்சிக்குக் காய்ச்சல்னு எழுதுமய்யா."

"நாராயணசாமி திடமா கீறாரு சார். போன வாரம் சந்தையில பாத்தாங்களாம்."

"ஜட்ஜா சந்தைக்குப் போனார்? எழுதும்."

செங்கம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நெலம் பூடுமா குமாஸ்தையா?"

எர்னஸ்ட் தாளை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனார்.

மறுநாள் காலை அந்த மனு கோர்ட்டு மேஜையில் இருந்தபோது நான் படித்தேன். நாலே வரி. "சாட்சிப் படி கட்டவேண்டிய வெள்ளிக்கிழமை நான் கட்டவில்லை. பணம் என் சட்டைப் பையில் இருந்தது. சொந்த அலுவலாகத் திருப்பதி சென்றுவிட்டேன். கட்சிக்காரர் மீது குற்றமில்லை." கீழே குமாஸ்தா எர்னஸ்ட் என்று கையெழுத்து. ஜட்ஜ் அதை உரக்கப் படித்தபோதுதான் எர்னஸ்டின் வக்கீலுக்கே விஷயம் தெரிந்தது. அவர் காது மடல்கள் சிவந்தன.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். ஒரு குமாஸ்தா ஊர் சுற்றியதற்காகத் தம் கட்சிக்காரர் ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். ஹாலில் சிரித்தார்கள். சக்கரவர்த்தி படத்துக்குக் கீழே ஜட்ஜ் மட்டும் சிரிக்கவில்லை. குமாஸ்தாவை முன்னால் வரச் சொன்னார்.

"திருப்பதியில் அப்படி என்ன அலுவல்?"

"எம் பொண்ணப் பாக்கப் போனேன், எஜமான்."

"உடம்புக்கு ஏதாவதா?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். செங்கம்மாவின் நாலு ஏக்கர் அந்த ஒரு சொல்லில் இருந்தது. பின் பெஞ்சிலிருந்து எத்திராஜ், ஆமாம் என்று சொல், சொல் என்பதுபோல் அவரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். வாசலருகே செங்கம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"இல்லீங்க எஜமான். நல்லாத்தான் இருக்குது."

"பின்னே?"

எர்னஸ்ட் மேஜை விளிம்பைப் பார்த்தார். "பள்ளிக்கூடத்து கேட்டுக்கு எதுத்தாப்பல நின்னுக்கினு இருந்தேன். மணி அடிச்சுது, பசங்க வந்துச்சி. பின்னால அதுவும் வந்துச்சி. கையில கொட இருந்திச்சி. நான் கூப்புடல. ரயிலுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. தலைக்கு மேலே பங்கா விசிறியின் கயிறு போய்வரும் சத்தம் மட்டும் கேட்டது. ஜட்ஜ் அந்த நாலு வரியை மறுபடி படித்தார். பேனாவை மசியில் தோய்த்து எடுத்து, அது சொட்டுகிற வரையில் கையில் வைத்திருந்தார். பிறகு எழுதினார். இரண்டு வாரம். படி இன்றே கட்டப்பட வேண்டும்.

வக்கீல் எர்னஸ்டைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போனார். எர்னஸ்ட் அலுவலக ஜன்னலுக்கு நேரே போய்ப் படியைக் கட்டினார். ரசீதைக் கொண்டுவந்து வராந்தாப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த செங்கம்மாவின் கையில் வைத்தார். "சம்மன் இன்னிக்கே போவுதும்மா. பத்திரமா வெச்சிக்கோங்க."

அவள் ரசீதை மடித்து முந்தியில் முடிந்துகொண்டாள். கிளம்புவாள் என்று அவர் நின்றார். அவள் எழுந்திருக்கவில்லை.

"உம் பொண்ணு பேரு இன்னா குமாஸ்தையா?"

வெகுநாளாகத் திறக்காத பெட்டியில் கையை விட்டவர்போல் இருந்தது அவர் முகம்.

"லோயிஸ்."

செங்கம்மா தலையாட்டினாள். எர்னஸ்ட் அந்தப் பெயரை இன்னொரு முறை சொன்னார். இந்த முறை கொஞ்சம் உரக்க, தெருவின் எதிர்ப்புறம் போகிற ஒருவரை நிறுத்துகிற குரலில்.