காலடிப் பெட்டியில் கேட்ட குரல்

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு கிடங்கில் பதினாறு வருடமாகச் சுக்கு தரம் பிரிக்கிறாள் மூக்கம்மாள். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு பாட்டுக் குழுவில் ஏழு வருடம் பாடியவள் என்பது உடன் வேலை செய்யும் அமுதவள்ளிக்கு மட்டும்தான் தெரியும். அங்கே அவள் எப்போதும் இரண்டாம் குரல். முதல் பாடகி வாயெடுத்தால் இவள் வாயை மூடிவிட வேண்டும். ஒரு தடவை மூடத் தவறி, மேடையிலேயே தொடையில் கிள்ளு வாங்கியிருக்கிறாள்.

பள்ளுருத்தியில் பாட்டுக் குழு நடத்தும் மாரிச்செல்வத்திடம் அமுதவள்ளிதான் போய் இவளைப் பற்றிச் சொன்னது. அவனுடைய பாடகி கல்யாணமாகி துபாய்க்குப் போய்விட்டாளாம்.

"மாரியம்மன் கோயில் விழாவுல ஒரு பாட்டு பாடுங்கக்கா. சனம் ரசிச்சா சீசன் முழுக்க நீங்கதான். இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றான் அவன்.

மூக்கம்மாள் தயங்கித் தயங்கிச் சரி என்றாள். ஒத்திகை அவன் வீட்டுக் கூடத்தில், மைக் இல்லாமல் நடந்தது.

அவள் காலத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கம்பத்தில் ஏற்றி, தெருவைப் பார்த்துக் கட்டுவார்கள். பாடுகிறவள் காதுக்குத் தன் குரல் முழுசாக வந்து சேராது. இங்கே, விழா அன்று, மேடையில் அவள் காலடியில் ஒரு கறுப்புப் பெட்டி, அவள் முகத்தைப் பார்த்தபடி இருந்தது. எதற்கென்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்கவில்லை.

கீபோர்டு தொடங்கியது. கண்ணை மூடி முதல் வரியை எடுத்தாள். அவ்வளவுதான். யாரோ ஒருத்தி கனத்த, கரகரத்த குரலில் அதே வரியைப் பாடினாள். மூக்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேறு பாடகியைக் கூட்டி வந்துவிட்டார்கள்! சட்டென்று வாயை மூடிக்கொண்டு, மைக்கை விட்டு ஓரடி நகர்ந்து வழிவிட்டாள்.

குரலும் நின்றுவிட்டது. மேடையில் வேறு பெண்ணே இல்லை.

"யாரு தம்பி பாடுனது?" என்று கேட்டாள். அதையும் மைக் ஊருக்கே சொன்னது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"உங்க குரல்தாங்கக்கா பொட்டியில வருது! பாடுங்க!" என்றான் மாரிச்செல்வம்.

"பாடுடி, பேயைப் பார்த்த மாதிரி நிக்காதே!" இது முன்வரிசையிலிருந்து அமுதவள்ளி.

என் குரலா? அவள் நினைப்பில் இருந்தது இருபத்து நாலு வயதுக் கீச்சுக் குரல். இவ்வளவு பெரிய குரல் எப்போது உள்ளே வந்தது?

மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. கேட்காமல் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல் அந்தப் பெட்டியையே பார்த்துப் பாடினாள். இரண்டு வரி திக்கியது. மூன்றாவது வரியில் சிரிப்பு அடங்கியது. சரணம் வந்தபோது, பின்னால் சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு முன்னால் வந்து நின்றார்கள்.

இறங்கியதும் மாரிச்செல்வம் வந்தான். "அடுத்த ஞாயித்துக்கிழமை வைப்பின் தீவுல விழா. பதினோரு பாட்டு. வந்துடுங்கக்கா."

"யாருக்கு ரெண்டாம் குரல், தம்பி?"

"யாருக்கும் இல்ல. நீங்க மட்டும்தான்."

மூக்கம்மாள் பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். அமுதவள்ளி கொண்டுவந்த சாயா ஆறி ஏடு கட்டும்வரை கையிலேயே இருந்தது.