உறைந்த எண்ணெயில் பார்த்த அளவு

என் கணவர் விமலநாதன் துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தவர். ஹம்பேர்க்கில் முப்பது வருடம் இருந்து, ஜெர்மன் பாஸ்போர்ட்டும் எடுத்து, கடைசியில் சொந்தக் காசில் ஒரு துவக்கு வாங்கினார். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது வீட்டுக்குள் வந்த நாள் தொடக்கம் எனக்குப் பயம்தான்.

அது இடியன் துவக்கு. குழாயின் வாய்வழியே கரிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைச் சீலைத்துண்டில் பொதிந்து, கம்பியால் இடித்து இறக்கிச் சுடுவது. மருந்து வாங்க வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அன்ட்ராக் என்ற விண்ணப்பம் போட்டு அனுமதி எடுத்தார். எங்கள் கலியாணத்துக்குக்கூட மனுசன் இவ்வளவு பாடுபடவில்லை.

உண்மையில் அவருக்குச் சுடுவதில் ஆசையில்லை, அளவு பார்ப்பதில்தான் ஆசை. தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலையில் அவருடைய வேலையே அதுதான். வீட்டிலும் அப்படித்தான். தோசை ஒரு பக்கம் தடித்தால் கண்டுபிடித்துவிடுவார். அவர் சேர்ந்த துவக்குச் சுடும் கழகத்தில் அவரை மதித்ததும் அந்தக் குணத்துக்காகத்தான்.

போன மாரிக் குளிர்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் அந்தப் பாடம்தான் நடந்தது.

"குண்டு குழாயை விட ஒரு மயிர் சின்னனா இருக்கவேணும், வத்சலா. மிச்ச இடத்தைச் சீலை நிரப்பும். சீலை தடிச்சால் குண்டு பாதியில சிக்கும். மெலிஞ்சால் இறுக்கம் இல்லாமல் முன்னுக்கு வழுக்கி வரும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில வெறும் இடம் விழவே கூடாது."

"விழுந்தால்?"

"குழாய் வெடிக்கும்" என்றார், சோற்றில் பருப்பைக் குழைத்துக்கொண்டே.



சீலைக்கு எண்ணெய்ப்பசை வேண்டும். கழகத்து ஜெர்மன்காரர்கள் மாட்டுக்கொழுப்பையும் தேன்மெழுகையும் உருக்கிப் பூசுவார்கள். எங்கள் ஆள் முட்டையும் தொடாத சைவம்.

"அந்தக் கொழுப்பைத் தொட்ட கையால எப்பிடித் திருநீறு பூசுறது?" என்று கேட்டுவிட்டு, குளியலறையில் நான் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கினார். சைவ வேடன் என்று நானும் மகள் மிதுசாவும் பகிடி பண்ணினோம்.

அது தை மாதக் குளிர். எண்ணெய் வெள்ளை மெழுகாய் இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பால் தோண்டி எடுத்துச் சீலையில் தேய்த்தார். சுடும் இடமோ ஒரு பக்கம் திறந்த கொட்டில். அங்கே சீலை அட்டை மாதிரித் தடித்துவிட்டது. கழகத்தில் எல்லோரும் போடும் குண்டு அதோடு உள்ளே போகவே மாட்டேனென்று நின்றது. ஆகவே இன்னும் கொஞ்சம் சின்னக் குண்டு வாங்கினார். சீலையையும் மெல்லியதாக மாற்றினார். ஒவ்வொரு சனியும் ஒரு சோடி பொருத்திப் பார்த்து, மாசி முடியுமுன் "அளவு பிடிபட்டிட்டுது" என்று வந்து நின்றார். எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளை அகப்பட்டாலும் அந்தச் சந்தோசம் வராது.

சுட்டபிறகு முன்னால் விழும் சீலைகளைப் பொறுக்கி வந்து மேசையில் பரப்புவார். நடுவில் கரி படிந்திருக்கும். விளிம்பு முழுசாக இருக்கும்.

"பார்த்தீரே, ஒரு ஓட்டை இல்லை. அளவு சரியெண்டதுக்கு இதுதான் சாட்சி."

மாரிப் போட்டியில் அவர்தான் முதலாவதாக வந்தார். நாவூறு படப்போகிறதென்று நான் மிளகாய் சுற்றிப் போட்டேன். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதைப் பார்த்துத்தான் என் பயத்தை நான் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

பிறகு அவருக்கு வேலைத்தலத்தில் இரவுமுறை வந்தது. துவக்கு இரும்புப் பெட்டிக்குள் படுத்தது. மறுபடி வெளியே எடுத்தது ஆடி மாதம், கழகத்தின் கோடைக் கொண்டாட்டத்துக்கு. எங்கள் ஒரே பிள்ளை மிதுசா, பல்கலைக்கழக விடுமுறையில் வந்தவள், தானும் ஒருமுறை சுட்டுப் பார்க்கப் போகிறேன் என்று காலையிலேயே தகப்பனோடு புறப்பட்டாள். ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு நான் பின்னால் வருவதாக ஏற்பாடு.

வெயில் கொளுத்தியது. பொரித்து முடித்துக் குளித்து, தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலைச் சரித்தேன். தண்ணீர் மாதிரி ஓடி உள்ளங்கையால் வழிந்தது.

வருடா வருடம் நடப்பதுதான். குளிரில் உறையும், வெக்கையில் உருகும், இது எங்கள் ஆட்களில் யாருக்குத் தெரியாது? ஆனால் அன்று கையில் வழிந்த எண்ணெயைப் பார்த்தபோது எனக்கு அவருடைய சீலைதான் ஞாபகம் வந்தது. உறைந்த எண்ணெய் இருந்த தடிப்பு இப்போது எங்கே? மிச்சம் இருப்பது மெல்லிய சீலையும் சின்னக் குண்டும் வழுக்குகிற எண்ணெயும்.

போன் எடுத்தேன். இரண்டு பேரும் எடுக்கவில்லை. சுடும் இடத்தில் போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டவேண்டுமென்பது கழகத்துச் சட்டம். தலையும் வாரி இழுக்காமல், போத்தலையே கையில் பிடித்தபடி பஸ்ஸுக்கு ஓடினேன். ரோல்ஸ் குசினியிலேயே கிடந்தது. வழி நெடுகத் தெரிந்த தெய்வமெல்லாம் கூப்பிட்டேன்.

பஸ்ஸால் இறங்கும்போது ஒரு வெடி கேட்டது. கரிமருந்துக்கு வழக்கமாக ஒரு முழக்கம் இருக்கும். இது வேறு மாதிரி, அடைத்த சத்தம். கொட்டில் பக்கம் ஓடினேன்.

கொட்டிலுக்குள் போனபோது அவர் அடுத்த வெடியை இடித்து இறக்கி, மருந்துக்குத் தீ கொடுக்கும் செப்புத் தொப்பி போடுவதற்காகத் துவக்கின் வாயை நிலத்தை நோக்கித் தாழ்த்திப் பிடித்திருந்தார். அவருடைய பழைய பழக்கம் அது. தொப்பியைப் போட்டு நிமிர்த்தி மிதுசாவின் கையில் கொடுத்தார். அவள் கன்னத்தோடு அணைத்தாள்.

"மிதுசா, சுடாதை! சுடாதை பிள்ளை!"

மேற்பார்வைக்கு நின்ற கிழவர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். மிதுசா விசையிலிருந்து விரலை எடுத்தாள். என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்னப்பா இது? ஆக்கள் எல்லாம் பார்க்கினம்."

போத்தலை அவர் முகத்துக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தேன். எண்ணெய் சளக்கென்று மூடிப்பக்கம் ஓடியது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார். அன்று சுட்ட சீலைகள் முன்னால் கிடந்தன. ஒன்றும் முழுசாக இல்லை, எல்லாம் கருகி ஓட்டை விழுந்திருந்தன. மகளோடு பேசும் சந்தோசத்தில் மனுசன் ஒன்றையும் குனிந்து எடுக்கவில்லை.

மகளிடமிருந்து துவக்கை வாங்கித் தொப்பியைக் கழற்றினார். வாயைக் குண்டு போய்ப் புதையும் மண் திடலின் பக்கமே வைத்துக்கொண்டு, ஒதுங்கி நின்று, இடிகம்பியை மெல்ல உள்ளே விட்டார். கம்பியில் அவர் கீறி வைத்த கோடு ஒன்று உண்டு. குண்டு மருந்தோடு ஒட்டி இருந்தால் அந்தக் கோடு குழாய் வாயோடு சரியாக நிற்கும். இப்போது கோடு வாய்க்கு வெளியே ஒரு சாண் தள்ளி நின்றது. வாயைத் தாழ்த்திய நேரத்தில் குண்டு அவ்வளவு தூரம் வழுக்கி வந்திருந்தது.

கிழவர் குழாயின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனவர் ஓர் இடத்தில் நிறுத்தி, என் கணவரின் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். இரும்பு மோதிரம் போட்டமாதிரிச் சுற்றிவரப் புடைத்திருந்தது. நான் பஸ்ஸால் இறங்கும்போது கேட்ட வெடி, இவர் சுட்டது, செய்த வேலை அது; அதிலும் குண்டு இப்படித்தான் வழுக்கியிருக்கவேண்டும். இன்னொன்றை அந்தக் குழாய் தாங்காது என்றார் கிழவர்.

"பிள்ளை, உன்ர இடக்கையை எங்கை வைச்சிருந்தனீ?" என்று என் கணவர் கேட்டார். அவருடைய குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மிதுசா கையைக் கொண்டுபோய்க் குழாயின் கீழே மரத்தில் வைத்துக் காட்டினாள். அவளுடைய விரல்கள் மேலே வளைந்து சரியாக அந்தப் புடைப்பின் மேல் படிந்தன.

நான் அந்தக் கையை இழுத்துப் பிடித்தேன். பஸ்ஸிலும் விடவில்லை, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் விடவில்லை.