நாலாவது சுண்டு

இன்றைக்கும் அரிசி அளக்கும்போது நான் ஒன்று என்று தொடங்குவதில்லை. லாபம் என்றுதான் தொடங்குவேன். லாபம், இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போவேன். களத்தில் நெல் அளக்கிறவர்களின் வழக்கம் அது. முதல் அளவை லாபம் என்று சொன்னால் பெருகும் என்பார்கள். களத்திலிருந்து அது எங்கள் குசினி அடுப்படிக்கும் வந்துவிட்டது. அதிகம் படிக்காத எனக்கு மனதில் நின்ற கணக்கு அது ஒன்றுதான். அதுவும் நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது நடந்த ஒன்றால் நின்றது.

சண்டை முடிந்து, செட்டிகுளத்து அகதி முகாமிலிருந்து எங்களை விட்ட பிறகு நாங்கள் இரணைமடு வாய்க்கால் கரையில் இருந்த எங்கள் காணிக்குத் திரும்பியிருந்தோம். அம்மா, நான், தம்பி. எங்கள் வீட்டுக்குச் சுவர் இருந்தது, கூரை இல்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூரை இருந்தது, சுவர் இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு வீடு வரும் என்று அம்மா சொல்லுவார். அலைந்து திரிந்ததில் என் படிப்பு பின்தங்கிப்போயிருந்தது. அதனால் வகுப்பில் எல்லோரையும்விட நான்தான் உயரம்.

அப்பா எங்களோடு இல்லை. சண்டையின் கடைசி நாட்களில், பதுங்குகுழியில் எங்களை இருத்திவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனவர். அதற்குப் பிறகு அவரை உயிரோடு கண்டவர்களும் இல்லை, மற்றபடி கண்டவர்களும் இல்லை. அம்மா நெற்றியில் குங்குமத்தோடுதான் இருந்தார்.

எங்கள் வீட்டில் தலைக்கு ஒரு சுண்டு அரிசி. சுண்டு என்றால் வேறொன்றுமில்லை, பால் அடைத்து வந்த வெறும் தகரப் பேணிதான். ஒவ்வொரு நாளும் அம்மா லாபம், இரண்டு, மூன்று, நாலு என்று அளந்து சுளகில் கொட்டுவார். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, மூலையில் இருந்த சின்னப் பானையில் போட்டுப் பிள்ளையாரைக் கும்பிடுவார். அது கோயிலுக்கான பிடியரிசி. மிச்சம் உலைக்குப் போகும். இரவில் ஒரு ஆளின் சோறு எப்போதும் மிஞ்சும். அதற்குத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் வெங்காயத்தோடு பழஞ்சோறாகத் தருவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் மிஞ்சும் என்று நான் நினைத்திருந்தேன்.

எங்கள் ரீச்சர் பரந்தனில் பஸ்ஸால் இறங்கி, சைக்கிளில் வருவார். தாய் தகப்பன்மார் பள்ளிக்கூடப் பக்கம் தலைகாட்டுவதில்லை என்பது அவருக்குப் பெரிய மனவருத்தம். எங்கள் சனமோ, பள்ளிக்கூடம் கூப்பிட்டால் பிள்ளை ஏதோ குழப்படி செய்துவிட்டது என்று பயப்படுகிற சனம். ரீச்சர் விடவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில், பிள்ளைகளைக் கூட்டிப்போக வாசல் படலை வரை வந்தவர்களை மறித்தார்.

“பிள்ளையளின்ர கணக்கு என்ர மேசையில இல்லை. உங்கட குசினியிலயும் வயலிலயும்தான் கிடக்கு. வெள்ளிக்கிழமையில ஒராள் வந்து, வீட்டில செய்யிற வேலையை இஞ்ச செய்து காட்டுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

“எனக்குக் கையெழுத்தே வராது ரீச்சர்,” என்றார் குளத்தில் மீன் பிடிக்கிற ஒருவர். எங்கள் அடுத்த காணிக்காரர்.

“மீன் பிடிக்க வரும்தானே? அது காணும், வேறொண்டும் வேண்டாம்.”

முதல் வெள்ளிக்கிழமை அவரையே வரப்பண்ணிவிட்டார். அவர் ஐந்து மீன்களை ஓலை ஈர்க்கில் கோத்துக்கொண்டு வந்து, குளித்து முழுகிய மாப்பிள்ளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். சாக்குக் கட்டியிருந்த பக்கத்தால் ஒரு பூனை உள்ளே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே அது ஒரு மீனைக் கவ்விக்கொண்டு ஓடியது. மனிதர் “அடி, அடி” என்று கத்தினார். ரீச்சர் சிரித்துக்கொண்டு கேட்டார்.

“சரி பிள்ளையள், அஞ்சில ஒண்டு போனால்?”

“நாலு!” என்று நான்தான் முதலில் கத்தினேன். ரீச்சர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். “இதுதான் கழித்தல்,” என்றார். அந்தக் கைதட்டு என் காதுக்குள் நெடுநாள் கிடந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் நான் அம்மாவை விடவில்லை. “அம்மா, நீங்க எப்ப வாறியள்?” என்று கேட்டபடியே இருந்தேன். அம்மா சாட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். மீன்காரரின் மகன் வகுப்பில் என்னோடு ஒரே வாங்கில்தான் இருப்பான். “உங்கட வீட்டில வர ஒருத்தரும் இல்லைப் போல,” என்று அவன் ஒருநாள் நக்கலடித்ததை நான் அழுதுகொண்டு போய்ச் சொன்ன பிறகுதான் அம்மா சம்மதித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா முழுகி, திருநீறு பூசி, குங்குமம் வைத்து, அரிசிப் பையோடும் சுண்டோடும் வந்தார். ரீச்சர் பாய் விரித்தார். வகுப்பு முழுக்கச் சுற்றி இருந்தது.

“ஒரு நாளைக்கு வீட்டில அளக்கிற மாதிரியே அளந்து காட்டுங்கோ அக்கா.”

அம்மா சுளகில் முதல் சுண்டைக் கொட்டி, “லாபம்,” என்றார்.

வகுப்பே சிரித்தது. “ஒண்டு எண்டு சொல்லுங்கோ!” என்று ஒருத்தி கத்தினாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனால் ரீச்சருக்குச் சந்தோசம். “உங்கட அம்மம்மா, அப்பப்பா எல்லாரும் இப்பிடித்தான் எண்ணினவை. எல்லாரும் சேர்ந்து சொல்லுங்கோ,” என்றார். நாங்கள் கூரை அதிரச் சொன்னோம். லாபம், இரண்டு, மூன்று, நாலு. அம்மாவுக்கும் சிரிப்பு வந்தது. அம்மா சிரித்து நான் கண்டது அந்த நாட்களில் குறைவு.

“ஒராளுக்கு ஒரு சுண்டு எண்டால், இது எத்தினை பேருக்குக் காணும்?”

“நாலு பேருக்கு!”

“பிழை ரீச்சர்,” என்றான் மீன்காரரின் மகன். “அவையின்ர வீட்டில மூண்டு பேர்தான் இருக்கினம். அவளின்ர அப்பா இல்லை.”

“நீ இரு,” என்றார் ரீச்சர். குரல் மாறியிருந்தது.

எனக்கோ அம்மாவின் கணக்குப் பிழைத்துவிட்டது என்ற ஒரே எண்ணம். அதை நான்தான் திருத்த வேண்டும். எழும்பிப் போனேன். சுண்டை எடுத்து, சுளகிலிருந்து தலைதட்ட ஒரு சுண்டு அள்ளி, பைக்குள் திரும்பக் கொட்டினேன். கொஞ்சம் பாயில் சிந்தியது. “நாலில ஒண்டு போனால் மூண்டு,” என்று உரத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு ரீச்சரைப் பார்த்தேன்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். ரீச்சர் தட்டவில்லை.

“ஓம் ரீச்சர்,” என்றார் அம்மா. “பிள்ளை செய்தது சரிதான்.”

பிறகு குனிந்து, பாயில் சிந்திய அரிசியை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார். ரீச்சரும் பக்கத்தில் இருந்து பொறுக்கினார். இவ்வளவு கொஞ்ச அரிசியைப் பொறுக்க இவ்வளவு நேரமா என்று எனக்கு இருந்தது.

அன்று பின்னேரம் அம்மா அரிசி அளந்தார். லாபம், இரண்டு, மூன்று. கை நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் படிப்பித்து அம்மா கணக்குப் படித்துவிட்டார். ஆனால் அடுத்ததாக அவர் செய்தது என் கணக்கில் வரவில்லை. கைப்பிடி எடுக்க வேண்டியவர், இன்னொரு சுண்டு நிறைய அளந்து, அப்படியே பிடியரிசிப் பானைக்குள் கொட்டினார்.

“அம்மா, பிழை. திரும்பவும் நாலாப் போச்சு.”

“அது பிள்ளையாற்ற கணக்கு. நீ போய்ப் படி.”

பழஞ்சோறு நின்றுபோனது. சில நாட்கள் தம்பி காலையில் அதைக் கேட்டு அழுதான். பிள்ளையாருக்கு இவ்வளவு வேண்டுமா, அவருக்கு வயிறு பெரிது என்பதற்காக எங்கள் வீட்டு அரிசியையா கொடுப்பது என்று எனக்குக் கோபமும் வந்தது. கடவுள் என்னை மன்னிக்கட்டும்.

முன்பு நிறையக் காலம் எடுத்த பானை இப்போது கெதியாக நிறைந்தது. சதுர்த்திக்குச் சதுர்த்தி அம்மா அதைச் சுமந்துகொண்டு கோயிலுக்குப் போவார், நான் பின்னால் போவேன். அந்த அரிசியில் பொங்கி, பசித்து வந்தவர்களுக்கெல்லாம் தாமரை இலையில் போடுவார்கள். றோட்டு வேலைக்கு வந்தவர்கள், ஊர் பேர் தெரியாத வழிப்போக்கர்கள், தாடி வளர்ந்தவர்கள், நடக்க மாட்டாதவர்கள் என்று வரிசை நீளும். அம்மா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, குந்துகிற ஒவ்வொரு ஆம்பிளையின் முகத்தையும் கடைசி ஆள் வரை பார்த்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் அரிசி எத்தனை பேருக்குக் காணும் என்று அம்மா ஆட்களை எண்ணுகிறார் என்று நினைத்தேன். ரீச்சர் ஆசைப்பட்டபடி அம்மாவும் கணக்கில் சேர்ந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோசம். நானும் அவரின் சேலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, வரிசையைப் பார்த்து எண்ணத் தொடங்கினேன்.

லாபம், இரண்டு, மூன்று.